உடற்குறையும் நீச்சற்கலையும்

பெங்களூர் நகரின் தென்பகுதியில், ஓசூர்ச் சாலையை அடுத்து அமைந்துள்ளது அடுகோடி. 1950-களில் மைக்கோ தொழிற்சாலை இங்கே இயங்கத் தொடங்கிய காலந்தொட்டு, ஆலைவேலையையும் அதனைச் சார்ந்த சிறுதொழில்களையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியிலும் இதன் சுற்றுப்புறங்களிலும் வேரூன்றிவிட்டன. அக்குடும்பங்களின் முதியோரிடம் நீச்சலைப்பற்றிப் பேச்செடுத்தால் ஊர்க்கிணற்றின் நினைவுதான் முதலில் வரும். முதுகிலே சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பிலே கயிற்றைப் பிணைத்து, மாமனோ சிற்றப்பனோ கிணற்று மேட்டிலிருந்து தள்ளிவிட்ட கதையை அவர்கள் சிரிப்போடு சொல்வார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கோ அத்தகைய கதை இல்லை. கிணறு இல்லாத நகரத்தில் பிறந்தவர்கள் அவர்கள்.

பெங்களூர் ஒருகாலத்தில் ஏரிகளின் நகரமாகவே இருந்தது. ஆனால் தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று நகரின் தலைமைப் பேருந்து நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவ விளையாட்டரங்கம் எழுந்துவிட்டது. ஆகவே, இந்நகரத்துப் பிள்ளை நீந்தக் கற்க வேண்டுமானால், ஓடு பதித்த நீச்சற்குளம் ஒன்றைத் தேடிச் செல்ல வேண்டும். அக்குளத்துக்கு மதிற்சுவர் உண்டு, வாயில் உண்டு, வாயிலிலே கட்டணமும் விண்ணப்பமும் மருத்துவச் சான்றிதழும் உண்டு. ஊர்க்கிணறுதான் எல்லோருக்கும் திறந்திருந்ததா என்றால், இல்லை. சாதியின் பெயரால் அதுவும் பலருக்கு அடைபட்டே கிடந்தது. நகரத்துக் குளத்தின் வாயிலில் தடுத்து நிறுத்தப்படுகிறவர்கள் வேறு சிலர். கை குறைந்த பிள்ளை, கால் சூம்பிய பிள்ளை, கண்பார்வை இல்லாத பிள்ளை ஆகியோரே அவர்கள். "இந்தப் பிள்ளை எப்படி நீந்தும்?" என்னும் கேள்வி அங்கே எழுகிறது. சில வேளைகளில் அதைக் கேட்பவர் குளத்துக் காவலர். பல வேளைகளில் பெற்றோரே.

இக்கேள்விக்கு விடையாக அமைந்த சில வாழ்க்கைகளை நாம் இங்கே காண்போம். அவற்றுள் முதன்மையானது இதே பெங்களூரில் பிறந்து வளர்ந்த சரத் காயக்வாட் என்பவரின் வாழ்க்கை. ஆயினும் அவருக்கு முன் நடந்தவற்றை அறிந்துகொண்டால்தான் அவருடைய சாதனையின் அளவு நமக்கு விளங்கும்.

உடற்குறையுடையோர் போட்டிகளில் இறங்கும் வழக்கம் மருத்துவமனையில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பு முறிந்த வீரர்களுக்காக இங்கிலாந்து தேசத்தின் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரில் 1944-ஆம் ஆண்டு தனி மருத்துவப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அதன் தலைவர் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர்; ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்தவர். படுத்த படுக்கையாய்க் கிடந்து மடிவதே அத்தகைய நோயாளிகளின் விதி என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், அவர் அவர்களை எழுப்பி உட்கார வைத்தார், விளையாடவும் வைத்தார். 1948-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் லண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், தம் மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். அந்த விதையே வளர்ந்து, 1960-இல் ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் கூடிய பெருவிழாவாயிற்று. இன்று பாராலிம்பிக் என வழங்கும் விழாக்களில் அதுவே முதலாவது. ஒலிம்பிக் விழாவுக்கு இணையாக நடப்பது என்பதே அச்சொல்லின் பொருள். அந்த முதல் விழாவிலிருந்தே நீச்சல் அதில் இடம்பெற்று வருகிறது.

நீச்சல் இவ்வாறு முதலிலேயே இடம்பெற்றதற்குக் காரணம் நீரின் இயல்பில் இருக்கிறது. நிலத்தில் நம் உடலின் முழு எடையையும் கால்களே தாங்குகின்றன. கழுத்தளவு நீரில் நிற்கும்போதோ, கால்கள் தாங்க வேண்டிய சுமை உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நிலத்தில் ஓரடி எடுத்து வைக்க இயலாத கால், நீரில் மெல்ல அசையும். இறுகிய தசை தளரும். ஆனால் நீர் தாங்குவதோடு நிற்பதில்லை, தடுக்கவும் செய்கிறது. காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியுள்ள பொருள் அது. ஆகவே அதைத் தள்ளி முன்னேறுகிறவரின் தோளும் மார்பும் மூச்சும் வலுப்பெறுகின்றன. மருந்தாகவும் பயிற்சியாகவும் ஒருங்கே அமைந்த தன்மை நீருக்கு உண்டு.

இந்தியாவில் இவ்வுண்மையைத் தம் உடலாலேயே மெய்ப்பித்தவர் முரளிகாந்த் பேட்கர். மராட்டிய மாநிலத்தின் சாங்கலி மாவட்டத்தைச் சேர்ந்த இவர், தரைப்படையில் பொறியியற் பிரிவில் பணியாற்றியவர். நல்ல குத்துச்சண்டை வீரருமாவார். 1965-ஆம் ஆண்டுப் போரில் இவர் உடலில் பல குண்டுகள் பாய்ந்தன. அவற்றுள் ஒன்று முதுகெலும்பில் தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழ் உணர்வும் இயக்கமும் இல்லாமற் போயின. பம்பாய்க் கடற்படை மருத்துவமனையில், உடற்பயிற்சி மருத்துவம் என்ற அளவிலேதான் இவருக்கு நீச்சல் சொல்லித் தரப்பட்டது. மருந்தாகத் தொடங்கியது போட்டியாக வளர்ந்தது. 1968-இல் டெல் அவிவ் விழாவில் மேசைப்பந்து ஆடினார். பின்னர் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த விழாவில், 50 மீட்டர் தன்விருப்ப நீச்சலை 37.33 விநாடிகளில் முடித்துத் தங்கப்பதக்கம் பெற்றார். அன்று அது உலக சாதனை. ஒலிம்பிக் விழாவிலோ பாராலிம்பிக் விழாவிலோ, தனியொருவராக நின்று தங்கம் வென்ற முதல் இந்தியர் அவரே.

இத்தகைய வீரரை நாடு எப்படிப் போற்றியது? நெடுங்காலம் போற்றவில்லை என்பதே உண்மை. 1980-களின் தொடக்கத்தில் அர்ஜுனா விருதுக்கு அவர் விண்ணப்பித்தபோது, அது அவருக்குக் கிடைக்கவில்லை. பத்மஸ்ரீ விருது 2018-இல் வந்தது. 2024-ஆம் ஆண்டுக்கான விருதுகள் 2025 ஜனவரியில் வழங்கப்பட்டபோதுதான், வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருதை அவர் பெற்றார். ஹைடல்பர்க் வெற்றிக்கும் இதற்கும் இடையே 52 ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. இடைக்காலத்தில் அவருடைய பெயரே பலருக்கு மறந்துபோயிற்று. எந்த அளவுக்கு என்றால், 2012-இல் பெங்களூர் இளைஞர் ஒருவர் பாராலிம்பிக் நீச்சலுக்குத் தகுதி பெற்றபோது, அத்தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் இவரே என்று செய்தித்தாள்கள் எழுதின. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே தங்கம் வென்ற ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதை அவை நினைக்கவில்லை.

அந்தப் பெங்களூர் இளைஞரே சரத் காயக்வாட். 1991-ஆம் ஆண்டு பிறந்த இவருக்கு இடக்கையில் பிறவிக்குறை. பள்ளியிலே நீச்சலும் ஒரு பாடமாக இருந்தபடியால், மற்றப் பிள்ளைகளோடு இவரும் குளத்தில் இறங்கினார். இதனை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எவரும் இவரை வீரராக்க எண்ணி அழைத்துச் செல்லவில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்த வாயில் இவருக்கும் திறந்திருந்தது, அவ்வளவே. அங்கே ஜான் கிறிஸ்டபர் என்னும் பயிற்சியாளரின் கண்ணில் இவர் பட்டார். அந்த ஆசிரியர் குறையைப் பார்த்து இரங்குவதோடு நின்றுவிடாமல், இந்த உடலைக்கொண்டு எப்படி விரைவாக நீந்தலாம் என்று ஆராய்ந்தவர்.

அந்த ஆராய்ச்சி எத்தகையது என்பதைச் சிறிது விளக்குவோம். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். துடுப்பை ஒரு பக்கமே போட்டுக்கொண்டிருந்தால் பரிசல் முன்னே செல்லாமல் சுற்றத் தொடங்கும். ஒரு கை குறைந்தவர் நீந்தும்போதும் இதே இடர் ஏற்படுகிறது. நல்ல கை நீரை வலிமையாகத் தள்ளுகிறது. குறைந்த கை அவ்வளவு தள்ளுவதில்லை. உடல் நேர்க்கோட்டில் செல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புகிறது. இதனைச் சரிசெய்ய வேண்டுமானால், காலுதையின் வேகத்தையும் தாளத்தையும் மாற்ற வேண்டும். எந்தப் பக்கம் திரும்பி மூச்சு வாங்குவது என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடுப்பைச் சுழற்றும் அளவையும் திருத்த வேண்டும். இவை எந்தப் பாடநூலிலும் ஒரே வாய்பாடாகக் கிடைப்பவை அல்ல. ஒவ்வோர் உடலுக்கும் ஒவ்வொரு விடை. அதைக் காலை மாலை இருவேளையும் நீரிலேயே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பல ஆண்டுகள் பொறுமையோடு அதனைத் தேடுகிற ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தால்தான் நீச்சல் வீரர் ஒருவர் உருவாகிறார்.

இங்கே நேயர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். ஒருவருக்குக் கை இல்லை. மற்றவருக்குக் கால் இல்லை. வேறொருவருக்குக் கண் தெரியாது. இவர்களை ஒரே வரிசையில் நிறுத்திப் போட்டி நடத்துவது நியாயமாகுமா? ஆகாது. ஆதலின் வகுப்புப் பிரிவு என்னும் முறை ஏற்பட்டிருக்கிறது. ஆங்கில எழுத்தாகிய எஸ் என்பது தன்விருப்ப நீச்சல், மல்லாந்த நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல் ஆகிய மூன்றையும் குறிக்கும். எஸ்பி என்பது மார்பு நீச்சலையும், எஸ்எம் என்பது நான்கும் கலந்த கலப்பு நீச்சலையும் குறிக்கும். எழுத்தை அடுத்து ஓர் எண் வரும். 1 முதல் 10 வரையுள்ள எண்கள் உடலியக்கக் குறையுடையோருக்கு உரியவை. எண் சிறிதாகச் சிறிதாகக் குறை மிகுதி என்று பொருள். மார்பு நீச்சலில் மட்டும் இவ்வரிசை 9-இலேயே முடிந்துவிடும். 11 முதல் 13 வரை பார்வைக் குறையுடையோருக்கும், 14 அறிவு வளர்ச்சிக் குறையுடையோருக்கும் உரியவை. சரத் காயக்வாட் 8-ஆம் எண் வகுப்பினர்.

இந்த எண்ணை வீரர் தாமே தேர்ந்துகொள்வதில்லை. பயிற்சி பெற்ற நடுவர்கள் முதலில் அவரை மேசைமேல் கிடத்தித் தசைவலிமையையும் மூட்டுகளின் அசைவையும் அளக்கிறார்கள். அடுத்து நீரில் நீந்தச் சொல்லிப் பார்க்கிறார்கள். பிறகு போட்டியின்போதும் கவனிக்கிறார்கள். விதிகள் திருத்தப்படும்போது எண்ணும் மாறலாம். 2018-இல் அப்படியொரு பெருந்திருத்தம் நடந்தது. நேற்று ஒரு வகுப்பில் முன்னணியில் இருந்தவர், இன்று தம்மைவிடக் குறை குறைந்தவர்களோடு போட்டியிட நேரலாம். உடற்குறையுடைய நீச்சல் வீரரின் வாழ்க்கையில் தோல்வியைவிட இந்த மாற்றமே சில வேளைகளில் பெரிய இடியாக அமைவதுண்டு.

வேறு சில விதிகளும் அறியத்தக்கவை. மார்பு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும் சுவரைத் தொடும்போது இரு கைகளும் ஒருங்கே தொட வேண்டும் என்பது பொதுவிதி. இரு கைகளும் நீளத்தில் ஒவ்வாதவருக்கு, நீண்ட கை தொட்டாலே போதும். ஆனால் இரண்டும் ஒருங்கே முன்னே நீள வேண்டும். மேடையிலிருந்து பாய இயலாதவர் நீருக்குள்ளிருந்தே தொடங்கலாம். முற்றிலும் பார்வையற்றோர் பிரிவில் எல்லோரும் கருமை பூசிய கண்ணாடியை அணிய வேண்டும். சிறிதளவு ஒளி தெரிகிறவருக்கு அதனால் ஆதாயம் உண்டாகக்கூடாது என்பதே நோக்கம். சுவர் நெருங்கிவிட்டது என்பதை, கரையில் நிற்கும் துணைவர் நுனியில் பஞ்சு போன்ற மெத்தை வைத்த நீண்ட கோலால் தட்டி உணர்த்துவார். இவ்விதிகளில் சலுகை என்று எதுவுமில்லை. சமமானவர்களைச் சமமாக நிறுத்தும் ஏற்பாடே இது.

சரத் காயக்வாட்டின் போட்டி வாழ்க்கைக்குத் திரும்புவோம். 2010-இல் சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டு விழாவில், 100 மீட்டர் மார்பு நீச்சலில் இவர் வெண்கலப்பதக்கம் பெற்றார். அப்போது வயது 19. அதே ஆண்டில் டில்லியில் நடந்த காமன்வெல்த் விழாவில் கல்கத்தாவைச் சேர்ந்த பிரசாந்த கர்மாகர், உடற்குறையுடையோர் பிரிவில் வெண்கலம் வென்றிருந்தார். காமன்வெல்த் நீச்சலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதற்பதக்கமே அதுதான் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். உடற்குறை இல்லாத எந்த இந்தியரும் அதற்குமுன் அங்கே நீச்சலில் பதக்கம் பெற்றதில்லை.

2012-இல் சரத் லண்டன் பாராலிம்பிக் விழாவில் 100 மீட்டர் மார்பு நீச்சலில் கலந்துகொண்டார். இறுதிச் சுற்றை எட்டவில்லை. இரண்டாண்டுகள் சென்று, 2014 அக்டோபரில் கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியப் பாரா விழாவில் அவருடைய உழைப்பு முழுப் பலனைத் தந்தது. 200 மீட்டர் கலப்பு நீச்சலில் வெள்ளி. தொடர் நீச்சல் உட்பட வேறு ஐந்து போட்டிகளில் வெண்கலம். ஆக ஒரே விழாவில் 6 பதக்கங்கள். 1986-ஆம் ஆண்டு சியோல் ஆசிய விழாவில் பி. டி. உஷா 4 தங்கமும் 1 வெள்ளியுமாக 5 பதக்கங்கள் வென்றதே அதுவரை பெருங்கணக்காக எண்ணப்பட்டு வந்தது. இரு விழாக்களும் வேறு. தங்கமும் வெண்கலமும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. ஆயினும் பன்னாட்டு விழா ஒன்றில் ஆறு முறை மேடையேறிய இந்தியர் என்ற பெருமை அந்த இளைஞருக்கு உரியதாயிற்று. 2015-ஆம் ஆண்டு அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. வழிகாட்டியாகிய பேட்கருக்கோ அதே பெயருடைய விருது கிடைக்க மேலும் பத்தாண்டுகள் ஆயின.

200 மீட்டர் கலப்பு நீச்சலில் பதக்கம் பெறுவது எளிதன்று என்பதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். வண்ணத்துப்பூச்சி, மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், தன்விருப்பம் என நான்கு வகையும் ஒன்றன்பின் ஒன்றாக ஐம்பது ஐம்பது மீட்டர் நீந்த வேண்டும். ஒரு கைக்குறையால் நான்கு வகையிலும் நான்கு விதமான இடர்கள் தோன்றும். நான்குக்கும் விடை கண்டவரே அதில் நிற்க முடியும். தொடர் நீச்சலிலும் ஒரு நுட்பம் உண்டு. நால்வரின் வகுப்பு எண்களையும் கூட்டினால் 34-க்கு மேற்படக்கூடாது என்பது ஆண்களின் அந்தப் போட்டிக்கு விதி. குறை குறைந்தவர்களையே பொறுக்கி அணி அமைத்துவிட முடியாது. குறை மிகுந்தவருக்கும் அணியில் இடம் தேவைப்படுகிறது. அவர் இல்லாமல் அணியே இல்லை.

சரத்தை உருவாக்கிய அதே பயிற்சியாளரிடம் பயின்ற மற்றொருவர் நிரஞ்சன் முகுந்தன். 1994-ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்த இவருக்கு முதுகெலும்புப் பிளவு என்னும் பிறவி நோய், பாதங்களும் வளைந்திருந்தன. இளமையிலேயே பல அறுவை மருத்துவங்களைத் தாங்கியவர். கால்களுக்கு வலிமை உண்டாகும் என்று கருதியே இவரைச் சிறுவயதில் குளத்துக்கு அழைத்துச் சென்றனர். பேட்கரைப் போலவே இவருக்கும் நீச்சல் மருந்தாகத்தான் வந்தது. 2021-இல் நடைபெற்ற டோக்கியோ பாராலிம்பிக் விழாவில் இவர் இந்தியாவின் சார்பில் நீந்தினார்.

வயது கடந்துவிட்டதே என்று எண்ணுகிறவர்களுக்குச் சென்னையில் வாழும் மாதவிலதாவின் வாழ்க்கை விடை கூறும். குழந்தைப்பருவத்தில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்ட இவர் வங்கித்துறையில் பணியாற்றியவர். முதுகெலும்பு நலிந்து வந்த நிலையில் நீரில் பயிற்சி தொடங்கினார். நாற்பது வயதைக் கடந்தபின், 2011-இல் தேசியப் போட்டியில் தங்கப்பதக்கங்கள் வென்றார். அதோடு அமையாமல், தமிழ்நாட்டில் உடற்குறையுடையோருக்கான நீச்சல் சங்கத்தை அமைத்துப் பல பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்து வந்தார்.

இவ்வளவு திறமை இருந்தும், பாராலிம்பிக் நீச்சலில் இந்தியா பெற்ற பதக்கம் 2024 பாரிஸ் விழா வரையில் ஒன்றே ஒன்று. அது 1972-இல் பேட்கர் வென்ற தங்கம். பாரிஸில் இந்தியா மொத்தம் 29 பதக்கங்கள் பெற்றது. அவற்றில் நீச்சலுக்கு ஒன்றுமில்லை. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் அடுத்தடுத்து மூன்று விழாக்களில் பதக்கம் பெற்றதை நாம் அறிவோம். தாண்டுவதற்குத் திடல் கிடைத்துவிடுகிறது. நீந்துவதற்குக் குளம் வேண்டும். குளம் பணச்செலவுள்ளது, அதிலும் சரிவுப்பாதையும் கைப்பிடியும் தகுந்த கழிப்பறையும் உள்ள குளம் அரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீச்சல் வீரர் பத்து வயதுக்குள் நீரில் இறங்கியிருந்தால்தான் இருபதில் உலக அளவை எட்ட முடியும். ஆகவே ஒருவருடைய பதக்கம் அயல்நாட்டு அரங்கிலே தீர்மானமாவதில்லை. சிறுவயதில் அவர் வீட்டருகேயுள்ள குளத்தின் வாயில் திறந்ததா, மூடியதா என்பதிலேயே அது பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

அவ்வாயிலைத் திறக்கும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே கணக்கில் கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றிருக்கிறது. அதன் 30-ஆம் பிரிவு விளையாட்டுக்கே உரியது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் கலந்துகொள்ள ஏற்ற வசதிகளை அரசுகள் செய்து தர வேண்டும் என்று அது கூறுகிறது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இன்றியமையாத செய்தி ஒன்றும் அச்சட்டத்தில் உண்டு. முறைப்படி பெற்ற குறைச்சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். தருமபுரியிலோ வேலூரிலோ பெற்ற சான்றிதழ் பெங்களூரிலும் பம்பாயிலும் டில்லியிலும் செல்லத்தக்கதே. சொந்த ஊரைவிட்டு வந்துவிட்டோம், இங்கே நம் பிள்ளைக்கு என்ன உரிமை என்று தயங்க வேண்டியதில்லை.

பெற்றோர் நினைவிற் கொள்ள வேண்டிய சிலவற்றையும் கூறிவிடுவோம். முதலாவது, மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும். நரம்பு நோய்களுக்கு நாடறிந்த நிம்ஹான்ஸ் மருத்துவமனை அடுகோடியிலிருந்து சற்றுத் தொலைவில், அதே ஓசூர்ச் சாலையில் இருக்கிறது. நம் மக்கள் பலரும் அங்கே போய் வருகிறவர்களே. அத்தகைய மருத்துவரிடம் மருந்துச் சீட்டோடு திரும்பிவிடாமல், "என் பிள்ளை நீரில் இறங்கலாமா?" என்று ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும். வலிப்பு நோயுள்ள பிள்ளையாயின், அருகில் ஒருவர் எப்போதும் நீரிலேயே உடனிருக்க வேண்டும். காலில் உணர்வில்லாத பிள்ளைக்குக் குளத்தின் தரை உரசிப் புண் உண்டானாலும் வலி தெரியாது. கரையேறியவுடன் பாதங்களைப் பார்த்து விடுவது நல்லது. முதுகெலும்புப் பிளவு உள்ள பிள்ளைகளுக்கு லேடெக்ஸ் என்னும் ரப்பர் ஒவ்வாமற் போவது மிகுதி. அவர்களுக்கு அந்த ரப்பரால் ஆன தலைக்கவசத்தைத் தவிர்த்துச் சிலிக்கோனால் ஆனதை வாங்க வேண்டும். பயிற்சியாளரைத் தேடும்போது, பெரும்பெயர் பெற்றவரா என்று பார்ப்பதைவிட, பிள்ளையின் உடலை உற்று நோக்கிப் புதிய வழி தேடும் பொறுமை உள்ளவரா என்று பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் எல்லோரும் பதக்கம் பெறப்போவதில்லை. பெற வேண்டும் என்பதும் இல்லை. நிலத்தில் பிறர் கைப்பிடித்தே நடக்கும் பிள்ளை, நீரில் தன் வலிமையால் பத்து மீட்டர் சென்று சுவரைத் தொடுமானால், அதனால் அப்பிள்ளைக்கு உண்டாகும் துணிவு பள்ளியிலும் தெருவிலும் தொழிலிலும் உடன்வரும். அத்தகைய ஆயிரம் பிள்ளைகள் நீரில் இறங்கினால், அவர்களுள் சிலர் சரத்தைப் போலவும் நிரஞ்சனைப் போலவும் எழுவர். நம் குடியிருப்புகளில் உள்ள தமிழ்ச் சங்கங்களும் தொழிலாளர் மன்றங்களும் ஆண்டுவிழா நடத்துவதோடு, அருகிலுள்ள குளத்தாரிடம் சென்று, வாரத்தில் ஒரு வேளையையாவது இப்பிள்ளைகளுக்கென ஒதுக்குமாறு கேட்கலாம். இது பெரும்பொருள் வேண்டும் செயலன்று. நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டாலே நடக்கக்கூடியது. வருகிற கோடைவிடுமுறைக்குள் அவ்வாறு கேட்கத் தொடங்குவது நலம்.